பி.காம் படிக்கிற பிள்ளைக்கு மைக்ராஸ்கோப் எதற்கு?

6 ஜூலை 2024, ஒரு தந்தையின் கேள்வி

மகள் ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். பட்டப்படிப்பின் நான்காம் பகுதியில் வேறு துறைப் பாடம் ஒன்று எடுத்தாக வேண்டும் என்று விலங்கியலில் போட்டுவிட்டார்கள். அதில் செய்முறை வகுப்பும் உண்டாம். வாரம் இரண்டு மணி நேரம் வெங்காயத் தோலைப் பார்த்து இவள் என்ன செய்யப் போகிறாள்? அந்த நேரத்தில் கணக்கு மென்பொருள் டேலி கற்றுக்கொண்டால் ஒரு வேலைக்காவது ஆகும். இந்தப் பாடம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

நான் அந்தப் பாடம் நடத்துகிறவள்தான். பதினான்கு வருடமாக இதே கடற்கரையில். பி.காம், பி.பி.ஏ., தமிழ் இலக்கியம், வரலாறு என்று எல்லாத் துறைப் பிள்ளைகளும் என்னிடம் வருவார்கள்.

நீங்கள் கேட்டதில் பாதி சரி. விலங்கியல் பிள்ளைகளுக்கு நடத்துகிற செய்முறையை அப்படியே சுருக்கி உங்கள் மகளுக்கு நடத்தினால் அது வீண்தான். முதல் ஐந்து வருடம் நான் அதைத்தான் செய்தேன். ஃபார்மலினில் பதப்படுத்திய உயிரினங்களோடு ஜாடிகள் இருபது வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, பென்சிலில் படம் வரைந்து, வலப்பக்கம் பாகம் குறித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். செமஸ்டர் முடிவில் கேட்டால் ஒரு பிள்ளைக்கும் ஒரு ஜாடியும் நினைவில் இருக்காது. இனி வாழ்நாளில் இன்னொரு முறை ஆய்வுக்கூடத்துக்குள் வரப் போகாத பிள்ளைகள் அவர்கள். கிடைத்த அந்த முப்பது மணி நேரத்தில் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மீதிப் பாதிக்குப் பதில் நீளம். நாளைக்கு எழுதுகிறேன்.

7 ஜூலை

வெங்காயத் தோலிலிருந்தே தொடங்குகிறேன், நீங்கள் அதைத்தானே சொன்னீர்கள்.

முதல் முறை மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் செல் தெரியாது. தன் இமை முடிதான் தெரியும். அடுத்துத் தெரிவது காற்றுக் குமிழி. ஸ்லைடை மூடுகிற கவர் ஸ்லிப்பை மெதுவாகச் சாய்த்து இறக்காமல் பட்டென்று போட்டால் உள்ளே குமிழி மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் கறுப்புக் கரையும் நடுவில் வெளிச்சமுமாக நல்ல வட்டமாக இருக்கும். ஒருமுறை பி.காம் பிள்ளை ஒருத்தி அந்தக் குமிழியை அவ்வளவு அழகாக வரைந்து, நிழல் எல்லாம் போட்டு, கீழே 'செல்' என்று எழுதியிருந்தாள். மற்ற முப்பத்தைந்து பேரும் புத்தகத்தில் இருக்கிற செங்கல் அடுக்குப் படத்தை வரைந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் லென்ஸைச் சரியாகத் திருப்பக்கூட இல்லை. ஸ்லைடில் இருந்ததை வரைந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் அன்று முழு மதிப்பெண் போட்டேன். பக்கத்து மேசைப் பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். என்ன தெரிகிறதோ அதை வரை. தெரியவில்லையா, 'தெரியவில்லை' என்று எழுது.

அப்புறம் வெங்காயத்தை விடவும் இல்லை. ஊதா நிறத்துச் சின்ன வெங்காயத்தின் வெளித்தோலை உரித்து வைத்தால் ஒவ்வொரு அறையும் ஊதாச் சாறு நிரம்பித் தெரியும். ஓரத்தில் ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் விட்டு, மறு ஓரத்தில் வடிதாளை வைத்து இழுத்தால் இரண்டு நிமிடத்துக்குள் அந்த ஊதா சுவரை விட்டு விலகி நடுவில் சுருங்கி நிற்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. செல்லுக்குள் இருக்கிற தண்ணீர் உப்பைத் தேடி வெளியே ஓடுகிறது. மறுபடி குடிதண்ணீர் விட்டால் திரும்ப உப்பிக்கொள்ளும்.

இதைப் பார்த்துவிட்டுத் தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "கருவாட்டுத் தொட்டியில மறுநாள் தண்ணி நிக்கும்ல மிஸ், நாங்க ஊத்தவே மாட்டோம். அது மீனோட தண்ணியா அப்ப?" சவ்வூடு பரவல் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

14 ஜூலை

இன்னொருவர் 'உள்ளூர்க் கதை எல்லாம் சரி, பாடத்திட்டம் எங்கே' என்று கேட்டிருக்கிறார். பாடத்திட்டத்தை விட்டு நான் ஓடவில்லை. அதற்குள் வழி தேடுகிறேன். 2019-இல் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் செப்டம்பரில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் பச்சையாகிவிட்டது. பாம்பன், குருசடைத் தீவுப் பக்கமெல்லாம் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி. மீன் செத்து ஒதுங்கியது. தொலைக்காட்சியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சில ஊர்களில் கடலில் இறங்கப் பயந்தார்கள். 'பூங்கோரை' என்றார்கள் பெரியவர்கள்.

வரலாறு படிக்கிற பிள்ளை ஒருத்தி, தண்ணீர் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டாள். பேருந்தில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மேலே கனமான பச்சைப் படலமும் கீழே தெளிந்த தண்ணீருமாக இருந்தது. அன்றைக்குக் கரப்பான் பூச்சியின் வாய் உறுப்புகள் நடத்த வேண்டும். எடுத்து வைத்துவிட்டேன்.

சின்ன லென்ஸில், நாற்பது மடங்கில் பார்த்தால் போதும். ஜவ்வரிசி வேகவைத்த மாதிரி உருண்டைகள். ஒரு பக்கம் மாதுளை முத்தில் இருக்கிற குழி போல ஒரு பள்ளம், அதிலிருந்து ஒரு சிறிய வால் ஆடிக்கொண்டிருந்தது. உருண்டைக்குள் பச்சைப் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நாக்டிலூகா என்று அந்த உயிருக்குப் பெயர். கண்ணை எடுக்கவே மனமில்லாமல் வரிசை கதவு வரை நின்றது. 'இவ்வளவு சின்னதா இவ்வளவு பெரிய மீனைக் கொன்னுச்சு?' என்றாள் ஒருத்தி. அந்தக் கேள்விதான் அன்றைய பாடமாயிற்று. இவை பெருகிச் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்து போகிறது, கூடவே அமோனியாவும் சேருகிறது. மீன் மூச்சு முட்டிச் சாகிறது.

சாயங்காலம் அறையை இருட்டாக்கிப் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தோம். இந்த உயிர் தட்டினால் நீல ஒளி விடும் என்று சொல்லியிருந்தேன். ஒன்றும் ஒளிரவில்லை. பாட்டிலுக்குள் அவை முக்கால்வாசி செத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்: 'குலுக்கினோம், ஒளி இல்லை.'

15 ஜூலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் 'அப்படியானால் பூங்கோரை ஒரு பாசி, சரியா' என்று கேட்கிறார். நான் தெளிவாக எழுதாததால் வந்த குழப்பம். நாக்டிலூகா ஒரு செல் உயிர், ஆனால் தானே உணவு தயாரிக்கிற பாசி அல்ல. மற்ற நுண்ணுயிர்களை விழுங்கித் தின்னும். அந்தப் பச்சை அதனுடைய நிறமும் இல்லை, வயிற்றுக்குள் குடியிருக்கிற மிகச் சிறிய பாசிகளுடையது. ஓடிக்கொண்டிருந்த பச்சைப் புள்ளிகள் அவைதான். குளிர்ந்த கடல்களில் இதே உயிர் உள்ளே பாசி இல்லாமல் சிவப்பாகப் பெருகும்.

4 ஆகஸ்ட்

நான் நடத்துகிறவற்றில் எது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால், துணி வடிகட்டிதான்.

நம் மாவட்டத்தில் ஊருணி என்றால் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடத்து வாயில் பழைய சேலைத் துணியைக் கட்டி வடிகட்டுவதும் நம் வீடுகளில் எல்லாரும் பார்த்ததுதான். ஏன் கட்டுகிறோம் என்று வகுப்பில் கேட்டேன். தூசிக்கு என்றார்கள். சரி, வேறு என்ன போகிறது, என்ன நிற்கிறது என்று பார்ப்போம் என்று ஆரம்பித்தோம்.

ஆளுக்கொரு துண்டு பழைய பருத்திச் சேலை. மடிக்காமல் ஒரு முறை, இரண்டாக மடித்து ஒரு முறை, நான்காக, எட்டாக. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஊருணித் தண்ணீர், ஒரு லிட்டர். வடிந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அடியிலிருந்து துளி எடுத்து எண்ண வேண்டும். எதை எண்ணுவது? முதல் துளியிலேயே அது தெரிந்துவிடும். விட்டு விட்டுத் துள்ளிக்கொண்டு ஒன்று போகும். பேரிக்காய் உடம்பு, நீண்ட மீசை, தலையில் நடுவே ஒரே ஒரு சிவப்புக் கண். பெண்ணாக இருந்தால் வாலின் இரண்டு பக்கமும் முட்டைப் பை தொங்கும். சைக்ளோப்ஸ் என்கிற நீர்ப்பூச்சி. பிள்ளைகள் 'ஒத்தக்கண்ணு' என்று பெயர் வைத்துவிட்டார்கள், எனக்கும் இப்போது அதுதான் வாயில் வருகிறது.

மடிக்காத துணியில் ஒத்தக்கண்ணு தாராளமாகத் தப்பி வந்தது. இரண்டு மடிப்பிலும் வந்தது. நான்கு மடிப்பில் பத்துத் துளி பார்த்தாலும் ஒன்று கிடைப்பது அரிது. எட்டு மடிப்பில் தண்ணீர் இறங்கவே இல்லை, ஒரு குழு பொறுமை இழந்து துணியைப் பிழிந்துவிட்டது. பிழிந்ததில் எல்லாம் வந்துவிட்டன. அந்தக் குழுவின் அட்டவணை மட்டும் தலைகீழாக இருந்தது. ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று, நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு செய்திகளைச் சொன்னேன். வங்காளதேசத்து மத்லப் பகுதியில் ரீட்டா கால்வெல் என்ற நுண்ணுயிரியலாளரின் குழு 65 கிராமங்களில் இதைச் செய்து பார்த்தது. பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. 2003-இல் கட்டுரை வெளியானது. காலராக் கிருமி துணியின் துளையைவிடச் சிறியது, தனியாக இருந்தால் நழுவிப் போய்விடும். ஆனால் அது இந்தத் துள்ளுகிற பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பூச்சியை நிறுத்தினால் கிருமியில் பெரும்பகுதி நின்றுவிடுகிறது. அதிலும் பழைய சேலை புதியதைவிட நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து, துளை சிறிதாகிவிடும்.

இரண்டாவது, நரம்புச் சிலந்தி என்கிற கினிப் புழு நோய். தண்ணீரோடு நாம் விழுங்குகிற இதே ஒத்தக்கண்ணுவின் உடம்பிலிருந்து வருகிற புழு, மனித உடம்பில் ஒரு மீட்டர் வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். படிக்கட்டில் இறங்கி மொண்டு குடிக்கிற கிணறும் குளமும்தான் அதற்கு வழி. துணியால் வடிகட்டச் சொல்லியும், அப்படிப்பட்ட கிணறுகளை மாற்றியும்தான் இந்தியாவில் அதை ஒழித்தார்கள். கடைசி நோயாளி 1996-இல். நாடு விடுபட்டது என்று 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மறுவாரம் ஒரு பிள்ளை வந்து, 'எங்க அப்பத்தாட்ட கேட்டேன் மிஸ். குச்சியில சுத்திச் சுத்தி தினம் கொஞ்சமா இழுப்பாங்களாம், அறுந்தா கால் வீங்கிருமாம்' என்றாள். அது அப்படித்தான், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

டேலி கேட்ட தந்தைக்கு: இந்த வகுப்பில் அட்டவணை போட்டதும், எந்தக் குழுவின் கணக்கு ஒட்டவில்லை என்று முதலில் பிடித்ததும் பி.காம் பிள்ளைகள்தான். டேலியும் கற்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

5 ஆகஸ்ட்

அவசரமாக ஒன்று. துணியில் வடிகட்டினால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். துணி பாதியைத்தான் குறைத்தது. மீதிப் பாதி இருக்கிறதே.

25 ஆகஸ்ட்

மீன் செதிலைப் பற்றி இன்னும் எழுதவில்லை. விலங்குகளை அறுக்கிற வேலையைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டுதல் கொடுத்தது, 2014-இல் முழுக்கவே நிறுத்தச் சொல்லிவிட்டது. தவளையும் போயிற்று, எலியும் போயிற்று. எனக்கு அதில் வருத்தம் துளியும் இல்லை. வேறு துறைப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த நாற்றத்துக்கே கதவுக்கு வெளியே நிற்பார்கள்.

அதற்குப் பதில், வீட்டில் மீன் அலசும்போது விழுகிற செதிலைக் கொண்டுவரச் சொல்வேன். மடவைச் செதில் நல்லது, பெரிதாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் வைத்தால் மரத்தை அறுத்த மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். வளையத்தை எண்ணினால் மீனின் வயது. பத்து ரூபாய் செலவில்லாத, ஆனால் எல்லாரும் வாயைப் பிளக்கிற ஒரு செய்முறை.

1 செப்டம்பர்

போன வாரம் வயது என்று எழுதியதைத் திருத்த வேண்டும். மீன்வளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியிருக்கிறார், நியாயமான கண்டிப்போடு. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் மீன் வளர்ச்சி நின்று போகும், அதனால் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். நம் கடலில் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. வளையம் விழலாம், ஆனால் அது வருடக் கணக்கு என்று நம்பிவிட முடியாது. இரை குறைந்தாலும் விழும், சினைப் பருவத்திலும் விழும். அதனால்தான் நம் பக்கத்து மீன்களின் வளர்ச்சியைக் கணிக்க நீளத்தை அளந்து பார்க்கிற முறையையே பெரிதும் நம்புகிறார்கள் என்கிறார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை தலைமையகம் வைத்திருந்த மண்டபம் ஊர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதை நான் கவனிக்காமல் விட்டிருக்கக் கூடாது. எத்தனை செட் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லி அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. இந்த வருடப் பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லிவிட்டேன், நோட்டிலும் திருத்தியாயிற்று.

15 செப்டம்பர்

நீளம் அளக்கிற வேலையைத் தொடங்கினோம். ஒரு கூடை சூடை மீன் வாங்கிவரச் சொன்னேன். நூறு மீன், ஸ்டீல் ஸ்கேல், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. அரை சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கோடு. பாதி எண்ணும்போதே பார்த்தால், கோடு எல்லாம் இரண்டே கட்டத்தில் குவிந்து கிடக்கிறது. பார், எல்லா மீனும் ஒரே பருவத்தில் பிறந்தவை என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

பாம்பன் பிள்ளை ஒருத்தி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "கூறு கட்டுறப்பவே பெருசு சிறுசு பிரிச்சிருவாங்க மிஸ். நீங்க கூறு வாங்குனா ஒரே அளவாத்தான் இருக்கும். வலையில இருந்து உதறுறப்பவே எடுக்கணும்."

நான் அப்படியே சாக்பீஸை வைத்துவிட்டேன். மாதிரி எடுப்பதில் வருகிற பிழை என்று இதற்கு ஒரு முழுப் பாடம் இருக்கிறது. அவள் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவள் அப்பா நாட்டுப்படகுக்காரர். அடுத்த முறை அவளே வலையிலிருந்து உதறிய மீனில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி ஒரு வாளி கொண்டுவந்தாள். இந்தத் தடவை கோடுகள் மூன்று இடத்தில் மேடு கட்டின. கூறு மீன் படத்தையும் வாளி மீன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

(அளந்த மீனை என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்பதற்கு முன்: விடுதிச் சமையல்கார அக்கா பொரித்துக் கொடுத்தார்கள்.)

29 செப்டம்பர்

ரத்த வகைச் சோதனையைச் சேர்க்கலாமா என்று இன்னொரு கல்லூரி ஆசிரியர் கேட்கிறார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அதுதான், சந்தேகமே இல்லை. ஸ்லைடில் மூன்று சொட்டு, மூன்று மருந்து, எது திரிகிறது எது திரியவில்லை என்று பார்த்தால் போதும். கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-இல் கண்டது இன்று ஒரு பி.ஏ. பிள்ளை மேசையில் ஒரு நிமிடத்தில் தெரிகிறது.

ஆனால் நான் அதை நிறுத்திவிட்டேன். ஊசியை ஒருவருக்கு ஒன்று என்று வைத்து, உடனே உடைத்துப் போடுகிற ஒழுங்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிரச்சினை அதற்கு அடுத்த வாரம் வந்தது. பரம்பரையைச் சொல்லித் தருவதற்காக அப்பா அம்மாவின் வகையையும் கேட்டு எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளைக்கு ஒட்டவில்லை. அப்பா ஏ.பி., இவள் ஓ. பாடத்தின்படி அது வராது. வகுப்பில் யாரோ உரக்கச் சொல்லியும்விட்டார்கள். அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று இரவே அவள் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் பழைய அட்டையில் இருந்தது எங்கேயோ ஒரு பரிசோதனைக் கூடத்தில் தவறாக எழுதியது. மறுபடி பார்த்ததில் அவர் ஏ. எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் இடையில் போன மூன்று நாள்?

அடுத்த வீட்டுப் பிரச்சினையை மேசைக்குக் கொண்டுவருகிற உரிமை ஒரு செய்முறை வகுப்புக்குக் கிடையாது. வேண்டுமானால் ரத்த வகையை மட்டும் பாருங்கள், குடும்பத்தைக் கேட்காதீர்கள். முடிவை உரக்கப் படிக்கவும் வேண்டாம்.

13 அக்டோபர்

ஜாடிகளை என்ன செய்தேன் என்று கேட்டவருக்கு. தூக்கிப் போடவில்லை, முடியாது. எங்கள் ஜாடிகளில் கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் உண்டு. 2001-இல் இவை மூன்றுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நம்மிடம் இருப்பது அதற்கும் முந்தைய காலத்துப் பழைய சேகரம். புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது.

இந்தப் பேச்சு வகுப்பில் வரத்தான் செய்கிறது. ஒரு பையன் காய்ந்த கடல் குதிரை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, 'உங்களுக்குத்தான் மிஸ்' என்று நீட்டினான். வலையில் சிக்கிச் செத்தது, அவன் பிடிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் வாங்கவில்லை. ஏன் வாங்க முடியாது என்பதைத்தான் அந்த மணி நேரம் முழுக்கப் பேசினோம். கடல் அட்டைத் தடையால் தொழில் போன வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் சொன்னதையும் எல்லாரும் கேட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவும் 1986-இல் தேசியப் பூங்கா ஆனதை நான் ஒரு தேதியாகப் பலகையில் எழுதினேன். அவர்கள் அதை, தாத்தா எந்தத் தீவில் தங்கி மீன் பிடித்தார், பிறகு ஏன் போக முடியவில்லை என்று சொன்னார்கள். சுற்றுச்சூழல் பாடத்தின் 50 மணி நேரத்தில் 5 மணி நேரம் களப்பணி என்று பல்கலைக்கழக மானியக் குழு 2003-இலேயே எழுதி வைத்தது. அன்றைக்கு அந்த ஐந்தில் ஒன்று உண்மையாகவே நடந்தது.

27 அக்டோபர்

பாசி எடுக்கிற அம்மாக்களைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது.

கிருமி வளர்க்கிற தட்டில் ஊற்றுகிறோமே அகர் என்கிற ஜெல்லி, அது நம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவது. கஞ்சிப் பாசியிலிருந்தும் வருகிறது. விரலுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பாறையில் கிள்ளுகிறார்கள். அதுதான் அகர் ஆகிறது என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. பாசி எடுக்கிற அம்மாவின் மகளுக்கே தெரியாது. 'கம்பெனிக்குப் போகும் மிஸ், அதுக்கப்புறம் தெரியாது' என்றாள்.

எங்களுக்கு விலை கொடுத்து ஆய்வுக்கூடத்து அகர் வாங்க வழியில்லை. கடையில் சைனா கிராஸ் என்ற பெயரில் விற்கிற அகர்தான். கீழக்கரைப் பிள்ளைகளுக்கு நோன்பு நேரத்துக் கடற்பாசியாக அது பழக்கம், பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடுவார்கள். நாங்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சினோம். வீட்டு பிரஷர் குக்கரிலேயே கிருமி நீக்கம். உள்ளே 120 டிகிரியை ஒட்டிப் போகும், விசில் வந்த பிறகு பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். கைபேசியை ஒற்றி ஒரு தட்டு, சோப்புப் போட்ட விரல் ஒன்று, போடாத விரல் ஒன்று, எதுவும் தொடாமல் ஒன்று. டேப் ஒட்டி மூடிவிட வேண்டும், எக்காரணத்துக்கும் திறக்கக் கூடாது. முடிந்ததும் அப்படியே மறுபடி குக்கரில் வேகவைத்துத்தான் எறிய வேண்டும். அந்தக் குக்கர் அதற்குப் பிறகு சமையலுக்கு ஆகாது, தனியாக ஒன்று வையுங்கள்.

அகர் சமையலறையிலிருந்துதான் ஆய்வுக்கூடத்துக்கே போனது. 1881-82 வாக்கில் ஜெர்மனியில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் கூடத்தில் ஜெலட்டினில் கிருமி வளர்த்தார்கள். கோடையில் அது உருகி ஓடிவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்துகிற அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் வாழ்ந்த ஓர் அண்டை வீட்டார் சொல்லிக் கொடுத்தது அது. அகர் இளகச் சுமார் 85 டிகிரி வேண்டும், நம் ஊர் வெயிலுக்கும் அசையாது. 1882-இல் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார், ஃபானியின் பெயர் அதில் இல்லை.

இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை அம்மாவைக் கூட்டிவரலாமா என்று கேட்டாள். வந்தார்கள். வகுப்பில் உட்கார மாட்டேன் என்று கதவோரம் நின்றார்கள். நான் தட்டைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நாங்க எடுத்த பாசியா, எப்படி நம்புறது?" என்றார்கள். நான் அன்று முழுக்கக் கேட்டதிலேயே நல்ல கேள்வி அது. சைனா கிராஸ் பாக்கெட்டில் எந்தக் கடல் என்று போடவில்லை.

28 அக்டோபர்

சிலர் கேட்டிருக்கிறார்கள்: மரிக்கொழுந்தை நாமே வேகவைத்து அகர் எடுக்க முடியாதா என்று. முடியும். அந்த அம்மா ஒரு பை காய்ந்த பாசி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். வெளுக்கக் காயவைத்து, ஊறவைத்து, நெடுநேரம் வேகவைத்து, வடிகட்டி, ஆறவைத்துப் பார்த்தோம். மங்கலாக, கொஞ்சம் கடல் வாடையோடு, ஆனால் உறைந்துவிட்டது. வகுப்பு கைதட்டியது.

8 டிசம்பர்

ஒரு மாதமாக எழுத முடியவில்லை. நவம்பர் 20 மழை உங்களுக்குத் தெரியும், ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நோட்டு நனைந்து வந்தார்கள். நனைந்த நோட்டுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. மறுபடி எழுதவும் சொல்லவில்லை.

இப்போது ஊருணி நிரம்பிக் கிடக்கிறது. துணி வடிகட்டியைத் திரும்பச் செய்தோம். ஆகஸ்டில் அடித்தண்ணீர், பச்சையாக, துளிக்குத் துளி ஒத்தக்கண்ணு. இப்போது மடிக்காத துணியில் வடித்த தண்ணீரிலேயே தேட வேண்டியிருக்கிறது. நான் ஆகஸ்ட் நான்காம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு இதே செய்முறையை டிசம்பரில் செய்கிறவர்கள் ஒன்றுமே கிடைக்காமல் என்னைத் திட்டுவார்கள். கோடையோ ஆடியோதான் இதற்குச் சரியான காலம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் குறைந்தது என்று வகுப்பில் மூன்று கட்சி. தண்ணீர் கூடியதால் பரவிவிட்டன, மொத்தம் அதே அளவுதான் என்கிறது பி.காம் கட்சி. நிரம்பி வழிந்ததில் அடித்துக்கொண்டு போய்விட்டன என்கிறது இன்னொன்று. மழைத் தண்ணீரோடு வந்த மீன் குஞ்சுகள் தின்றுவிட்டன என்கிறாள் கூறு மீன் பிழையைக் கண்டுபிடித்த அதே பாம்பன் பிள்ளை. எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை.

ஊருக்கு வெளியே இன்னொரு ஊருணி இருக்கிறது. கரை உயரம், நிரம்பினாலும் வழியாது. வரும் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டிலும் ஒரே ஆழத்தில், ஒரே வாளியில் தண்ணீர் எடுக்கிறோம். எடுக்கிற இடத்தில் கொசுவலைத் துணியை வீசி மீன் குஞ்சையும் எண்ணப் போகிறோம். பி.காம் பிள்ளைகள் இப்போதே காலிக் கட்டங்கள் போட்டு வைத்துவிட்டார்கள். எண்ணிக்கை வந்ததும் இங்கே போடுகிறேன்.